வெப்பூர் எங்கே உள்ளது? – இடப்பெயராய்வில் கணினியோடு ஓர் அனுபவம்

ஆய்விதழ்களில் நாம் ஆய்வின் முடிவுகளை எழுதுகிறோம். அம்முடிவுகளுக்கு முன்னர் நேர்ந்த பிழைகளைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. இக்கட்டுரை ஒரு பிழையைப் பற்றியது. கல்வெட்டுகளில் பயிலும் இடப்பெயர்களைக் கணினியின் துணைகொண்டு இனங்காணும் முயற்சியில் நான் செய்த பிழை அது. அதனைக் கண்டறிந்து கூறியவர் என் மாணவி. கணினிவழி ஆய்வில் இறங்கும் தமிழாய்வாளர் தொகை பெருகிவரும் இந்நாளில், அப்பிழை நேர்ந்த விதம் பிறர்க்கும் பயன்படலாம் என்னும் எண்ணத்தில் இதனை எழுதுகிறேன்.

தொடக்கம்

என் முனைவர்ப்பட்ட ஆய்வு சங்க இலக்கிய இடப்பெயர்களைப் பற்றியது. அவ்வாய்வைக் கணினியின்றியே செய்தேன். பெயர்களை அட்டைகளில் எழுதி, அகரவரிசைப்படுத்தி, உரைகளோடு ஒப்பிட்டேன். ரா.பி. சேதுப்பிள்ளையின் ‘ஊரும் பேரும்’ (1946) என் மேசையை விட்டு அகன்றதில்லை. பணியின் பொருட்டுப் பெங்களூருக்கு வந்த பின்னரே, இம்மண்ணிலுள்ள தமிழ்க் கல்வெட்டுகளின் பெருக்கம் எனக்குப் புலப்பட்டது. பெங்களூர், கோலார் மாவட்டக் கல்வெட்டுகளைத் தாங்கிய ‘எபிகிராபியா கர்நாடிகா’வின் ஒன்பதாம், பத்தாம் தொகுதிகளை பி. லூயிஸ் ரைஸ் 1905இல் பதிப்பித்தார். சோழர் ஆட்சியில் இப்பகுதி நிகரிலிச்சோழமண்டலம் எனப் பெயர் பெற்றிருந்தது. கோலார் அக்கல்வெட்டுகளில் குவளாலம். எலகங்கப் பகுதி இலைப்பாக்கநாடு. இன்று விமான நிலையச் சாலையில் விரையும் மக்கள் அறியாத ஒரு பழைய நில வரைபடம் அத்தொகுதிகளுக்குள் கிடக்கிறது. அதனை மீட்டெடுக்க வேண்டும் என்னும் ஆவல் எனக்கு எழுந்தது.

கல்வெட்டாய்வில் கணினியைப் பயன்படுத்துவது புதிய செய்தியன்று. நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தொரு மட்சுயி ஆகிய மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களைத் தொகுத்து உருவாக்கிய அடைவு 1978இலேயே வெளிவந்துவிட்டது. இன்று நம் கையிலுள்ள கருவிகளோடு ஒப்பிட்டால் அவர்களுக்கு வாய்த்தவை மிக எளியவை. ஆயினும் அவர்களது அடைவு இன்றும் பயன்படுகிறது. இதன் காரணத்தை நான் பின்னரே உணர்ந்தேன்.

கணினி அறிவியல் துறையைச் சார்ந்த கன்னட நண்பர் ஒருவர் நிரல் எழுதித் தர முன்வந்தார். மாணவர் சிலர் கல்வெட்டு வாசகங்களைத் தட்டச்சு செய்தனர். அவர்களுள் ஒருவர் கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்த மாணவி. அவருடைய முன்னோர் வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்கள். 2001இல் சுரங்கம் மூடப்பட்ட பின்னரும் அக்குடும்பம் அங்கேயே தங்கிவிட்டது. வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பேசி வளர்ந்தவர் அவர். எனக்கோ அப்போது கன்னட எழுத்துகளைக் கூட்டிப் படிக்கவே தெரியாது.

எழுத்து நிலைச் சிக்கல்கள்

முதற்சிக்கல் எழுத்திலேயே தோன்றியது. கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளியிடுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. சொற்களுக்கிடையே இடைவெளியும் இல்லை. இவற்றையெல்லாம் பதிப்பாசிரியர் தம் புலமையால் தீர்த்துப் படிக்கிறார். நமக்குக் கிடைக்கும் அச்சு வாசகம் அவருடைய முடிவு. அது கல்லின் வாசகமே என்று கொள்ளுதல் கூடாது. கணினிக்கு இவ்வேறுபாடு தெரியாது.

இரண்டாம் சிக்கல் நாம் புதிதாக உண்டாக்கிக்கொண்டது. தோமலூர் எனத் தமிழர் வழங்கும் தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிற் கல்வெட்டுகளில் அவ்வூர் தொம்பலூர் எனவும் தேசிமாணிக்கப்பட்டணம் எனவும் குறிக்கப்பெறுகிறது. எங்கள் தரவில் தொம்பலூர் இரண்டு வெவ்வேறு ஊர்களாகக் கணக்கிடப்பட்டிருந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. காரணத்தை அறிய இரண்டு நாள் ஆயிற்று. ஒருங்குறியில் ‘தொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் இடலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு குறிகளைச் சேர்த்தும் இடலாம். தட்டச்சு செய்த மாணவர் இருவர் இரு வேறு விசைப்பலகைகளைப் பயன்படுத்தியிருந்தனர். ஏழு நூற்றாண்டுக்கு முந்தைய ஓர் ஊர் எங்கள் விசைப்பலகையால் இரண்டாகப் பிளவுபட்டது. தமிழ்த் தரவுகளோடு பணிபுரிவோர் முதலில் எல்லா வாசகங்களையும் ஒரே குறியீட்டு முறைக்கு மாற்றிக்கொள்ளுதல் இன்றியமையாதது.

பெயரை இனங்காணல்

அடுத்து, எச்சொல் இடப்பெயர் என்பதைக் கணினிக்கு உணர்த்த வேண்டும். முதலில் ஈறுகளைக் கொண்டு முயன்றோம். ஊர், குடி, பாக்கம், மங்கலம், நல்லூர், பட்டணம், நாடு என முடிவனவற்றைத் தேர்ந்தெடுக்குமாறு நிரல் அமைத்தோம். ‘இவ்வூர்’ என்பது பட்டியலின் உச்சியில் வந்து நின்றது. குவளாலம் வரவே இல்லை. அதற்கு அறியத்தக்க ஈறு இல்லை. ஒரு நாட்டின் தலைமையிடம் தவறிப்போய், எல்லா ஊர்களையும் சுட்டும் ஒரு சுட்டுச்சொல் பெரிய ஊராகிவிட்டது.

சங்க இலக்கியத்தில் இச்சிக்கலை நான் முன்னரே கண்டிருந்தேன். வஞ்சி ஓர் ஊர், ஒரு கொடி, ஒரு திணை, ஒரு பா, ஒரு பெண். காஞ்சியும் ஊராகவும் மரமாகவும் திணையாகவும் வரும். கோவூர் கிழார் என்னும் பெயரில் ஊர் இருக்கிறது. ஆனால் பாடலில் அவ்வூர் பேசப்படுகிறது என்று கூற இயலாது. எனவே ஈறுகளை மட்டும் நம்பாமல், சூழலைக் கொண்டு ஊகிக்கும் முறைக்கு மாறினோம். கல்வெட்டுத் தொடர்கள் பலவற்றில் இடப்பெயர்களை நாங்களே குறியிட்டுக் கொடுத்தோம். முன்னும் பின்னும் வரும் சொற்களைக் கொண்டு நிரல் தானே கற்றுக்கொண்டது. ‘நாட்டு’ என்னும் சொல்லுக்குப் பின் ஊர் வரும். ‘ஆன’ என்னும் சொல்லின் இருபுறமும் ஒரே ஊரின் இரு பெயர்கள் வரும். எல்லை கூறும் பகுதியில் ஊர்களும் ஏரிகளும் அடுத்தடுத்து வரும். கல்வெட்டு மொழியின் வாய்பாட்டுத் தன்மை இதற்கு மிகவும் துணைநின்றது.

பிழைகள் அறவே நீங்கின என்று கூற முடியாது. தொம்மலூர்க் கல்வெட்டொன்றில் கொடையாளி ஒருவர் பெயரே தலைக்காட்டு என்றிருக்கிறது. தலைக்காடு காவிரிக் கரையிலுள்ள புகழ்பெற்ற கங்கர் தலைநகர். சோழர் காலத்தில் இராசராசபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. நிரல் அக்கொடையாளியை ஊராக்கிவிட்டது. அவர் மனைவியோடு சேர்ந்து நிலம் கொடுத்தார் என்னும் செய்தியைப் படிக்கும் எவரும் இப்பிழையைச் செய்யார். ஆயினும் இத்தகைய பிழைகள் வெளிப்படையானவை, எளிதில் திருத்தத்தக்கவை. வெளியே தெரியாத பிழை வேறோரிடத்தில் இருந்தது.

இடத்தை இனங்காணல்

ஒரு சொல் இடப்பெயர் என்று அறிவது ஒன்று. அவ்விடம் இன்று எங்கே உள்ளது என்று அறிவது வேறொன்று. இரண்டும் ஒரே பணியின் இரு படிகள் என்று நான் கருதியிருந்தேன். இன்றைய ஊர்களின் பட்டியலொன்றை அவற்றின் நில ஆயங்களோடு நிரலுக்குக் கொடுத்தோம். கல்வெட்டுப் பெயரை இன்றைய பெயராக மாற்ற எத்தனை எழுத்துகளைத் திருத்த வேண்டும் என்று நிரல் எண்ணும். மிகக் குறைந்த திருத்தம் வேண்டும் ஊரை விடையாகத் தரும். அறிவுக்கு ஒத்த முறையாகவே அது தோன்றியது. பட்டியலை நான் தமிழில் தேடினேன். ஆகவே தமிழ்நாட்டு ஊர்களின் பட்டியலே செம்மையாகக் கிடைத்தது. கர்நாடக ஊர்களில் பெரியவை சிலவற்றை மட்டும் சேர்த்துக்கொண்டேன். இத்தெரிவு ஒரு முடிவு என்பதே அன்று எனக்குத் தோன்றவில்லை.

வண்ணப் புள்ளிகளோடு வரைபடம் உருவாயிற்று. ஒரு கருத்தரங்கில் அதனைத் திரையில் காட்டினேன். நல்ல வரவேற்பு. வரைபடத்தின் வனப்பில் எவரும், நான் உட்பட, தனித்தனிப் புள்ளிகளைப் பார்க்கவில்லை. கட்டுரை கருத்தரங்கத் தொகுதிக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டது.

மாணவியின் வினா

மெய்ப்புத் திருத்தும் பணியை அம்மாணவியிடம் கொடுத்திருந்தேன். ஒருநாள் இரண்டு தாள்களோடு வந்தார். “ஐயா, மடிவாளக் கல்வெட்டில் வெப்பூரைச் சேர்ந்தவர் வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழ் நிலம் கொடுக்கிறார். நம் படத்தில் வெப்பூர் கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது. அவ்வளவு தொலைவிலிருந்து வந்து கொடுத்தாரா?” என்று கேட்டார்.

மடிவாளச் சோமேசுவரர் கோயிலின் புறச்சுவரிலுள்ள 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அது. பெங்களூரின் பெயரை வெங்களூர் என வழங்குவதால் பலராலும் எடுத்துக்காட்டப்படுவது. கொடையாளியின் வெப்பூரை, எகர ஏகார வேறுபாடு கல்லில் இல்லாமையால், வேப்பூர் எனவும் படிக்கலாம். கடலூர் மாவட்டத்தில் வேப்பூர் உள்ளது. பெரம்பலூர் மாவட்டத்திலும் ஒரு வேப்பூர் உள்ளது. ஒரு குறியை நீட்டினால் போதும். நிரலின் கணக்கில் இதைவிடச் சிறந்த பொருத்தம் இல்லை.

தொலைதூரத்து மனிதர் ஒருவர் வந்து கொடையளித்தல் கல்வெட்டுகளில் இல்லாத செய்தியன்று என்று விடை கூற முற்பட்டேன். நான் முடிக்குமுன்னரே அவர் தயக்கத்தோடு, “வேப்பூர் என்றால் பேகூராக இருக்குமோ, ஐயா? வேம்பைக் கன்னடத்தில் பேவு என்கிறார்கள்” என்றார்.

நான் அப்போது பேகூர்ச் சாலையில் ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தேன். நாள்தோறும் நான் ஏறிய பேருந்தின் நெற்றியில் அவ்வூரின் பெயர் கன்னடத்தில் எழுதப்பட்டிருந்தது. மடிவாளத்துக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஊரை, இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன். நூலகத்துக்குச் சென்று பார்த்தபோது, வெப்பூர் பேகூரே என்பது முன்னையோர் அறிந்து எழுதிய செய்தியாகவே இருந்தது. அதனைப் படியாமல் நான் கணக்கை நம்பியிருந்தேன்.

ஒலிவிதியும் அண்டை மொழியும்

அன்று மாலை இருவரும் பட்டியலைத் தொடக்கத்திலிருந்து பார்த்தோம். தொம்மலூர்க் கல்வெட்டில் வரும் விண்ணமங்கலத்து ஏரியை நிரல் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் இடையிலுள்ள விண்ணமங்கலத்தில் வைத்திருந்தது. எழுத்துக்கு எழுத்து முழுப் பொருத்தம். ஆனால் தொம்மலூரை அடுத்து, இன்றைய இந்திராநகர்ப் பகுதியில், பின்னமங்கலா என்னும் பழைய ஊர்ப்பெயர் இன்றும் வழங்குகிறது. கோயிலுக்கு விட்ட ஏரிநிலம் கோயிலுக்கு அருகில் இருந்தது எனக் கொள்வதே பொருத்தமாகும்.

தமிழில் மொழிமுதல் வகரம் கன்னடத்தில் ஒலிப்புடைய பகரமாக வரும். வேர் பேரு ஆகும். விரல் பெரளு ஆகும். ‘வா’ என்பது ‘பா’ ஆகும். தமிழின் பகரம் கன்னடத்தில் ஹகரமாகும். பால் ஹாலு, புலி ஹுலி. இலைப்பாக்கம் யலஹங்கவோடு ஒட்டி நிற்பதற்கும் இவ்விதியே வழிகாட்டுகிறது. திராவிட மொழி ஒப்பீட்டை ஒரு பருவம் பயின்ற முதுகலை மாணவர்க்கும் தெரிந்த செய்திகள் இவை. நானே இவற்றை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஆனால் நிரலுக்குச் சொல்லவில்லை. எழுத்து எண்ணிக்கையில் மிக நெருங்கிய பெயர் தவறாகவும், மிக விலகிய பெயர் சரியாகவும் இருக்கும் என்பதை அம்முறை தானாக அறிய வழியில்லை.

இரண்டாவதாக, பெயரைத் தனியே எடுத்துத் தேடியதே தவறு. ஒரே கல்லில் வரும் ஊர்கள் ஒன்றுக்கொன்று சான்றாகின்றன. எ. சுப்பராயலு 1973இல் வெளியிட்ட சோழநாட்டு அரசியல் நிலவியல் ஆய்வில், ஊர்களை அவை சார்ந்த நாடுகளோடு இணைத்து, இன்றைய ஊர்களை வரைபடத்தில் குறித்து, நாட்டின் பரப்பைக் கண்டார். ஓர் ஊரின் இடத்தை அதன் அண்டை ஊர்கள் உறுதிசெய்யும். அவ்வாய்வில் கணக்கும் இருந்தது. கணக்குக்கு முன் வாசிப்பும் இருந்தது. முன்னர்க் குறிப்பிட்ட அடைவு இன்றும் நிலைப்பதன் காரணமும் இதுவே என்று கருதுகிறேன். எண்ணிப் பார்க்கும் பணியைக் கணினிக்கு அளித்தவர்கள் படிக்கும் பணியைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது குறை நிரலின் அமைப்பிலேயே இருந்தது. ‘தெரியவில்லை’ என்று கூற அதற்கு இடமளிக்கவில்லை. எவ்வளவு தொலைவான பொருத்தமாயினும் ஒன்றை விடையாகத் தந்தே ஆக வேண்டும் என அமைத்திருந்தோம். இன்று பரவலாகியுள்ள பெருமொழி மாதிரிகளிடம் ஓர் ஊர்ப்பெயரைக் கொடுத்தாலும் சரளமான நடையில் ஒரு விடை வந்துவிடுகிறது. நடையின் தெளிவு சான்றின் தெளிவாகிவிடாது.

பட்டியலும் உரிமையும்

கருத்தரங்கத் தொகுதியின் பதிப்பாசிரியருக்கு எழுதி, என் கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். பணி உயர்வுக்கு வெளியீடுகளை எண்ணிக் காட்ட வேண்டிய நிலையில் இருந்த எனக்கு அக்கடிதம் எழுதுவது எளிதாக இல்லை. அதைவிடக் கடினமான மற்றொரு கடிதமும் இருந்தது. கருத்தரங்குக்கு வந்திருந்த அன்பர் ஒருவர், கர்நாடகத்திலுள்ள ‘தமிழ் ஊர்கள்’ என்று ஒரு சிறு நூல் வெளியிட எண்ணி, என் பட்டியலைக் கேட்டிருந்தார். தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன்.

அப்பட்டியலில் வேப்பூர் தமிழ்ப் பெயராக இருந்தது. ஆனால் பேகூரில் ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தனவாகக் கருதப்படும் கன்னட நடுகற்கள் உள்ளன. கங்கர் காலத்து அக்கற்களில் பெம்பூர் பன்னிரண்டு என்னும் நிலப்பிரிவும், பெங்களூரில் நிகழ்ந்த ஒரு போரும் குறிக்கப்பெறுகின்றன. மடிவாளத் தமிழ்க் கல்வெட்டுக்கு ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டுகள் முற்பட்டவை அவை. ஓர் ஊரைக் கன்னடர் தம் ஒலியமைப்புக்கு ஏற்பவும் தமிழர் தம் ஒலியமைப்புக்கு ஏற்பவும் வழங்கினர் என்பதே இச்சான்றுகளால் பெறப்படுவது. ஊர் யாருடையது என்பதற்குக் கல்வெட்டின் மொழி சான்றாகாது. எழுதுவித்தவர் மொழி எது என்பதற்கே அது சான்று. தமிழ்க் கல்வெட்டுகளை மட்டும் கணினிக்குக் கொடுத்து, தமிழ்நாட்டு ஊர்ப்பட்டியலோடு ஒப்பிட்டு, எல்லாம் தமிழாக இருக்கின்றன என்று நான் வியந்தது என் பட்டியலைக் கண்டே வியந்ததாகும்.

இவற்றை அந்த அன்பருக்கு விளக்கி எழுதினேன். அவர் வருந்தினார். இந்நகரில் இரு மொழியினரும் ஒரே தெருவில் வாழ்கிறோம். பிழையான ஒரு புள்ளி ஆய்விதழுக்குள்ளேயே தங்கிவிடும் என்று எண்ணியிருக்க இயலாது.

நிறைவாக

பணியைக் கைவிடவில்லை. தரவின் அமைப்பை மாற்றினோம். ஒவ்வொரு பெயருக்கும் கல்லில் உள்ள வடிவம், பதிப்பாசிரியர் படித்த வடிவம், இன்றைய இடம் என மூன்று பத்திகள். இடத்துக்கு நேரே அவ்வடையாளத்தை முன்மொழிந்தவர் யார், காரணம் யாது, உறுதி எத்தகையது என்னும் குறிப்புகள். காரணம் இல்லையெனில் இடம் வெறுமையாக விடப்படும். ஒலிவிதிகளை நிரலில் சேர்த்தோம். அதே பகுதியின் கன்னடக் கல்வெட்டுகளையும் கர்நாடகச் சிற்றூர்களின் பெயர்களையும் சேர்த்தோம். நண்பர் நிரலைத் திருத்தினார். மாணவி கன்னட வடிவங்களைப் படித்தார். நான் கன்னட எழுத்து கற்கத் தொடங்கினேன்.

கணினியால் பயன் இல்லை என்று இதனைக் கொள்ளலாகாது. ஒரே பெயரின் எழுத்து வேறுபாடுகளை ஓரிடத்தில் திரட்டித் தந்தது அதுவே. கொடைச் செய்தியை மட்டும் தேடிப் படித்த நான் எல்லைப் பகுதிகளைக் கடந்துசென்றிருந்தேன், அது கடந்துசெல்லவில்லை. ‘ஏரியின் கீழ்’ என்னும் பொருள்படும் தொடர்களைத் தேடச் செய்தபோது, ஏரிகளின் பெயர்கள் தொகுதி தொகுதியாக வந்தன. 1043ஆம் ஆண்டுக் காடுகோடிக் கல்வெட்டு பட்டந்தூர் ஏரியைக் கூறுகிறது. தகவல் தொழில்நுட்ப வளாகங்கள் சூழ்ந்த பட்டந்தூர் அக்ரகாரம் அப்பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. மடிவாளத்தின் 1365ஆம் ஆண்டுக் கல்வெட்டிலுள்ள தாமரைக்கிரை இன்று தாவரெகெரெ. நகரம் பெருகும் வேகத்தில் ஏரிகளும் கற்களும் மறைந்துவருகின்றன. பெங்களூர் மிதிக் சொசைட்டியின் முயற்சியில் இப்பகுதிக் கல்வெட்டுகள் முப்பரிமாண முறையில் பதிவு செய்யப்பட்டுவருவது பெரிதும் ஆறுதலளிப்பது. இவ்விரைவில் கணினியின்றி நாம் எல்லாவற்றையும் படித்து முடிக்க இயலாது.

தமிழ்த்துறையினர்க்கு இரண்டு வேண்டுகோள்கள். இடப்பெயர்ப் பட்டியல்களை வெளியிடுவோர் ஒவ்வோர் அடையாளத்துக்கும் காரணத்தை உடன் தருக. தமிழகத்துக்கு வெளியிலுள்ள தமிழ்க் கல்வெட்டுகளை ஆராய்வோர்க்கு அந்நிலத்து மொழியில் அடிப்படைப் பயிற்சியைப் பாடத்திட்டத்திலேயே சேர்த்திடுக.

எங்கள் புதிய வரைபடத்தில் புள்ளிகள் முன்னதைவிடக் குறைவு. இடம் அறியப்படாத பெயர்கள் ஓரத்தில் ஒரு பட்டியலாக உள்ளன. அப்பட்டியல் நீளமானது. அதிலுள்ள ஒரு பெயரையேனும் தம் ஊர்ப் பக்கத்தில் கேட்டறிந்தவர் எழுதினால், சரிபார்த்து, அவர் பெயரோடு சேர்த்துக்கொள்வோம்.